அரண்மனையில் மிச்சம் கால்வாசி... குளம் மட்டும் முழுசு! - திருமலை நாயக்கரைத் தேடி மதுரையில் ஒரு நாள்

இன்ஸ்டாவில் ஜோர்டான் ரீல்ஸ் ஒன்றாவது உங்க கண்ணில் பட்டிருக்கும். சாக்கடலில் மல்லாந்து மிதந்துகிட்டே ஒருத்தர் பேப்பர் படிப்பார். அந்தத் தண்ணியில் உப்பு, சாதாரணக் கடலைவிட ஏறக்குறைய 10 மடங்கு அதிகம். மூழ்கணும்னு நினைச்சாலும் அது விடாது. அடுத்த ரீலில் பக்கத்து ஊர் மாதபா வரும். அங்கே ஒரு தேவாலயத் தரையில், 6-ம் நூற்றாண்டில் குட்டிக் குட்டிக் கலர் கற்களைப் பதித்துச் செய்த வரைபடம் இருக்கிறது. அதில் ஜோர்டான் ஆற்று மீன் ஒன்று சாக்கடல் வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பி ஓடுவது மாதிரி செய்திருப்பார்கள். பகலில் பழைய கலை, சாயங்காலம் தண்ணிக் கரையில் காத்து. அந்த ஊர் டூர் பிளான் இவ்வளவுதான்.

பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாம இதே பிளானை மதுரையில் போடலாம். பகலில், சுதையும் சுண்ணாம்புமாக நிற்கும் ஒரு மகால். சாயங்காலம், படி இறங்கினால் தண்ணீரைத் தொடும் ஒரு குளம். ஒரே வித்தியாசம், அங்கே மனுஷங்க மிதக்கறாங்க. இங்கே வருஷத்துக்கு ஒரு நாள் மீனாட்சியும் சொக்கரும் மிதக்கறாங்க.

இந்த ரெண்டுக்கும் சொந்தக்காரர் ஒருத்தர்தான். திருமலை நாயக்கர். 1623 முதல் 1659 வரை, 36 வருஷம் மதுரையை ஆண்டவர். மதுரையில் அவர் பேரைச் சொல்லாமல் ஒரு ஆட்டோவில்கூட ஊர் சுற்ற முடியாது. ஆனா, அவர் வாழ்க்கை எப்படிப் போச்சுன்னு கேட்டா பாதிப் பேர் மகாலோட நிறுத்திப்பாங்க. மகாலில் ஆரம்பித்துத் தெப்பக்குளத்தில் முடிக்கிறவங்களுக்குத்தான் அந்த மனுஷனின் முழுக் கதை கிடைக்கும்.

சளி பிடிச்ச ராஜா

நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாக மதுரைக்கு வந்தவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். திருமலையின் அப்பா முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். அவருக்குப் பிறகு அண்ணன் முத்து வீரப்ப நாயக்கர் ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்தில் ஆட்சி நடந்தது திருச்சியிலிருந்து. காவிரிக் கரை, மலைக்கோட்டை, எதிரி வந்தால் சமாளிக்க வசதி. மதுரை அப்போது பேருக்குத்தான் தலைநகர்.

1623-ல் அண்ணன் இடத்துக்குத் தம்பி வந்தார். அவரை மதுரைக்கு இழுத்து வந்ததாக ஊர் சொல்லும் காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. மூக்கடைப்பும் மண்டைச் சளியும் அவரை ரொம்ப நாளாகப் படுத்தி எடுத்திருக்கிறது. எந்த வைத்தியரின் மருந்தும் கேட்கவில்லை. மதுரைக்கு வரும் வழியில் திண்டுக்கல்லில் தங்கிய இரவு, மீனாட்சியும் சொக்கநாதரும் கனவில் வந்தார்களாம். தலைநகரை மதுரைக்கே மாற்றினால் நோய் போகும் என்றார்களாம். காலையில் எழுந்து மாற்றுவதாக வேண்டிக்கொண்டார். சளியும் போய்விட்டது.

கனவு நிஜமா என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர் மதுரைக்கு வந்தது நிஜம். பாதுகாப்பான கோட்டையை விட்டுவிட்டு, கோயிலையும் கூட்டத்தையும் நம்பி ஒரு ராஜா ஊர் மாறினார். அவரோட வாழ்க்கையே இந்த ஒரு முடிவில்தான் நிற்கிறது. படை பலத்தைவிடப் பார்வைக்குப் பிரமாண்டமாக இருப்பதும், ஜனங்கள் கூடுவதும்தான் ஆட்சி என்று அவர் நினைத்த மாதிரிதான் தெரியுது.

வெயிலுக்கு ஒரு மண்டபம்

வந்ததும் அவர் கை வைத்த பெரிய வேலைகளில் ஒன்று, மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபம். கட்டி கிட்டத்தட்ட 400 வருஷம் ஆகியும் பேர் இன்னும் 'புது'தான். மதுரைக்காரங்க பேர் வெச்சா அவ்வளவு சீக்கிரம் மாத்த மாட்டாங்க.

இதன் நிஜப் பேர் வசந்த மண்டபம். மதுரை வெயில் எப்படின்னு சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில் சாமியை வெளியே கொண்டுவந்து வைத்து விழா எடுக்க ஓர் இடம் வேணும். அதனால் மண்டபத்தைச் சுற்றி அகழி மாதிரி தண்ணீர் நிற்கிற வாய்க்கால் அமைத்தார்கள். காற்று தண்ணீரைத் தொட்டு உள்ளே வரும்போது குளிர்ந்திருக்கும். கரன்ட் இல்லாத காலத்து ஏசி. வைகாசி வசந்த விழாவுக்கு அம்மனும் சாமியும் அங்கே வந்து இளைப்பாறுவார்கள். தண்ணிப் பக்கம் உட்கார்ந்து ஓய்வெடுக்கிற சுகம் சாமிக்கும் வேணும்னு யோசிச்சிருக்கார் மனுஷன்.

உள்ளே நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் சிலைகள் வரிசையாகத் தூணில் நிற்கும். அதில் கொஞ்சம் தொப்பையோடு, கும்பிட்ட கையோடு, பக்கத்தில் ராணிகளோடு நிற்பவர்தான் நம்ம ஆள். சிற்பிகள் அவரை சிக்ஸ் பேக்கோடு செதுக்கவில்லை. அவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்போல. பல தலைமுறையாக இந்தத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின், வளையல், புத்தகம், பித்தளைப் பாத்திரம் என்று கடைகள் ஓடின. சமீபத்தில்தான் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. ஊர்ப் பிள்ளைகள் பலர் ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தது இந்த ராஜாக்களின் காலடியில்தான்.

திருவிழாவையே நகர்த்தியவர்

கட்டடம் கட்டுகிற ராஜாக்கள் ஏராளம். திருமலை நாயக்கர் காலண்டரையே மாற்றினார்.

மீனாட்சி திருக்கல்யாணமும் தேரும் முன்பெல்லாம் மாசி மாதம் நடந்தன என்பார்கள். தேர் ஓடுகிற தெருக்களுக்கு இன்னும் மாசி வீதி என்றுதான் பேர். தேர் ஓடுவதோ சித்திரையில்! அழகர்கோயில் அழகரும் அப்போது சோழவந்தான் பக்கம் தேனூரில்தான் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். சைவர்களுக்கு ஒரு விழா, வைணவர்களுக்கு இன்னொரு விழா. ஊரும் வேற, மாசமும் வேற.

மாசியில் கிராமங்களில் அறுவடை நேரம். பெரிய தேர்களை இழுக்க ஆயிரக்கணக்கான கைகள் வேணும், அந்தக் கைகள் வயலில் இருக்கும். அதனால் திருக்கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்குக் கொண்டுவந்தார், அழகரையும் மதுரை வைகைக்கே வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு, கொஞ்சம் ஓய்வு இருக்கிற நேரம். சுற்று வட்டாரத்துக் கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்றுமணலில் இறங்கும். தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பின அழகர் லேட்டாகிட்டார், கோபிச்சுக்கிட்டு ஆத்தோட திரும்பிட்டார் என்ற கதை ரெண்டு விழாவையும் ஒரே குடும்பக் கதையாகத் தைத்துவிட்டது.

இன்னிக்கும் சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருது. ஒரு ராஜா போட்ட ஈவென்ட் பிளான் 350 வருஷத்துக்கு மேல ஹவுஸ்ஃபுல்லா ஓடுறது சாதாரண விஷயமில்லை.

தமிழுக்கும் அவர் சபையில் இடம் இருந்தது. குமரகுருபரர் 'மீனாட்சியம்மை பிள்ளைத்தமி'ழை அரங்கேற்றியது அவர் முன்னிலையில்தான். அந்த நேரம் மீனாட்சியே ஒரு சின்னப் பெண்ணாக வந்து மன்னர் மடியில் உட்கார்ந்து கேட்டாள் என்பது கோயில் கதை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மேல் அவருக்கு வைத்திருந்த பக்திக்கு இன்னொரு கதை. அங்கே உச்சிகால பூஜை முடிந்ததும் மணி அடிப்பார்கள். அந்தச் சத்தம் வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணிகள் மூலம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி மதுரைக்கு வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவாராம். நோட்டிஃபிகேஷன் வந்தால்தான் சாப்பாடு!

சொர்க்கம் என்றே பேர் வைத்தார்

இப்போ மகாலுக்குப் போவோம். கோயிலிலிருந்து தென்கிழக்கே, நடந்தே போகலாம். வழியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு நடந்தால் வெயில் தெரியாது.

1636-ல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அரண்மனை. உள்ளே நுழைந்ததும் பெரிய முற்றம். அதைச் சுற்றி வரிசையாக வெள்ளைத் தூண்கள். ஒரு தூணைக் கட்டிப்பிடித்தால் உங்க ரெண்டு கையும் பாதிச் சுற்றுக்குக்கூடப் போகாது. தூண்களை இணைக்கும் வளைவுகள் இஸ்லாமியக் கட்டடங்களை நினைவூட்டும். மேலே பார்த்தால் யாளி, பறவை, கொடி, பூ என்று நம்ம ஊர் சுதை வேலைப்பாடு. எதிரே அரியணை மண்டபம். அதன் பேர் சொர்க்க விலாசம். அடக்கமெல்லாம் இல்லை, நேராகச் சொர்க்கம் என்றே பேர் வைத்துவிட்டார். 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலா ஆடும் பாட்டு ஞாபகம் இருக்கா? அந்தத் தூண்கள் இவைதான்.

மாதபாவின் தரையில் கல் பேசும். இங்கே பேசுவது சுண்ணாம்பு. கல் கோயில்கள் நிறைந்த ஊரில் இந்த அரண்மனையைச் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பினார்கள். மேல் பூச்சுக்குச் சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி பளபளப்பாக்கினார்கள். கிட்டப் போய்ப் பாருங்க, சில இடங்களில் அந்த வழவழப்பு இன்னும் கைக்குத் தட்டுப்படும். அதே தூண்களில் காதலர் பேர்களும் ஹார்ட்டின் அம்புகளும் கீறிக் கிடப்பதையும் பார்ப்பீங்க. தயவுசெய்து அந்த லிஸ்ட்டில் சேராதீங்க.

இவ்வளவு பெரிதாகக் கட்டியும் வீட்டில் பாராட்டு கிடைக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்த ராணிக்கு மகாலைச் சுற்றிக் காட்டினாராம். அவர், தன் அப்பா அரண்மனையில் மாடு கட்டுகிற இடமே இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாராம். கோபத்தில் நாயக்கர் குத்துவாளை வீச, அது ராணியின் தொடையில் பட்டதாம். புது மண்டபத்துச் சிலையில் தொடையில் இருக்கும் வெட்டைக் காட்டி இன்னமும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, ஊர் இந்தக் கதையை மறக்காமல் வைத்திருக்கிறது. அழகைக் கட்டியவரின் கோபத்தையும் சேர்த்துத்தான் மதுரை ஞாபகம் வெச்சிருக்கு.

தூண்களுக்குப் பின்னால் இருந்த கணக்கு

மகாலின் அழகில் மறந்துபோகிற பக்கம் ஒன்று இருக்கு. அவர் அரசியல்.

விஜயநகரம் அப்போது பலமிழந்துகொண்டிருந்தது. அதற்குக் கட்ட வேண்டிய கப்பத்தை நிறுத்தித் தனி ராஜாவாக நிற்க நினைத்தார் திருமலை. பேரரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் படையோடு வரக்கூடும் என்ற நிலை வந்தபோது, அவரைத் திசைதிருப்ப வடக்கே இருந்த சுல்தான்களின் உதவியை நாடினார். கோல்கொண்டாப் படை வந்தது, பிறகு பீஜப்பூர்ப் படை வந்தது. வந்தவர்கள் உதவி செய்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களாக இல்லை. 1649-ல் செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் கைக்குப் போனது. கடைசியில் மதுரையே பீஜப்பூருக்குக் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று. ஒருத்தருக்குக் கட்ட மாட்டேன் என்று ஆரம்பித்தவர், இன்னொருத்தருக்குக் கட்டினார். நாட்டுக்கு வரவு வயலிலிருந்து வரும். ஆக, அரண்மனைச் செலவும் சண்டைச் செலவும் கப்பமும் கடைசியில் போய் நின்றது உழுகிறவர் தலையில்தான்.

தெற்கிலும் சண்டைகள் இருந்தன. ராமநாதபுரம் சேதுபதிகளின் வாரிசுச் சண்டையில் தலையிட்டுத் தளபதி ராமப்பய்யனை அனுப்பினார். அந்தப் போர் பிறகு ஓர் அம்மானைப் பாடலாகவே ஆனது. ஆனால், அவர் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் அவரைக் காப்பாற்றியதும் ஒரு சேதுபதிதான்.

அதுதான் மூக்கறுப்புப் போர். மைசூர்ப் படை உள்ளே நுழைந்தது. பிடிபட்டவர்களின் மூக்கை, மேல் உதட்டோடு சேர்த்து அறுத்து மூட்டை கட்டி மைசூருக்கு அனுப்பியது. ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. திருமலை நாயக்கர் அப்போது முதுமையில், நோயில் படுத்திருந்தார். ரகுநாத சேதுபதி பெரும் படையோடு மதுரைக்கு வந்து எதிரியைத் துரத்தினார். நன்றியாக அவருக்குத் 'திருமலை சேதுபதி' என்று தன் பேரையே பட்டமாகக் கொடுத்து, கட்ட வேண்டிய கப்பத்தையும் ரத்து செய்தார் நாயக்கர். அதோடு முடியவில்லை. மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் போய் அதே மூக்குகளை அறுத்துப் பழி தீர்த்தது. முற்றத்தில் நின்று செல்ஃபி எடுக்கும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அந்தப் பளபளப்பும் இந்த ரத்தமும் ஒரே ஆட்சிக் காலத்தவை.

பள்ளம் குளமான கதை

மகாலிலிருந்து வெளியே வந்து, கீழவாசல் தாண்டி காமராஜர் சாலையில் நேராகக் கிழக்கே போனால் தெப்பக்குளம். முழுப் பேர் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மாரியம்மன் கோயில் வடகரையில் இருக்கிறது.

மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் வேணும். அந்த மண்ணைத் தோண்டி எடுத்தது இந்த இடத்தில் என்கிறார்கள். கட்டி முடித்தபோது ஊருக்குக் கிழக்கே பெரிய பள்ளம் கிடந்தது. சாதாரணமா, குழி தோண்டினவங்க அப்படியே போட்டுட்டுப் போயிடுவாங்க. மழைத் தண்ணி தேங்கும், கொசு வரும். திருமலை நாயக்கர் அந்தப் பள்ளத்தைச் சதுரமாக்கினார். நாலு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பி, ஒவ்வொரு பக்கமும் படிகள் வைத்தார். நடுவில் தீவு மாதிரி ஒரு மேடை, அதில் விநாயகர் கோயிலும் மைய மண்டபமும். வைகையிலிருந்து தண்ணீர் வர வாய்க்கால். சுமார் 1,000 அடிக்கு 950 அடி. 1645 என்று வருஷம் சொல்வார்கள்.

மண் தோண்டும்போது ஒரு பெரிய பிள்ளையார் சிலை கிடைத்ததாகவும், அதைக் கொண்டுபோய் மீனாட்சி கோயிலில் வைத்ததாகவும் சொல்கிறார்கள். அவர்தான் முக்குறுணி விநாயகர். விநாயகர் சதுர்த்தியன்று மூன்று குறுணி, அதாவது 18 படி பச்சரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பார்கள்.

நாயக்கர் பிறந்தது தை மாதப் பூச நட்சத்திரம். அதை ஒட்டித்தான் தைப்பூச நாளில் தெப்பத் திருவிழா. அதிகாலையில் மீனாட்சியும் சுந்தரேஸ்வரரும் கோயிலிலிருந்து கிளம்பி வருவார்கள். அலங்கரித்த தெப்பத்தில் ஏறுவார்கள். கரையில் நின்று மக்கள் வடம் பிடித்து இழுக்க, தெப்பம் மைய மண்டபத்தைச் சுற்றி வரும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மறுபடி ஒரு சுற்று. கவனிச்சுப் பாருங்க, இது ராஜாவின் பிறந்தநாள். கேக் வெட்டுவது சாமி, கொண்டாடுவது ஊர். அரண்மனைக்குள் விருந்து வைத்திருந்தால் அது அவரோடு முடிந்திருக்கும். குளக்கரைக்குக் கொண்டுவந்ததால் இன்னும் நடக்கிறது.

பேரன் பிரித்த அரண்மனை

1659-ல் திருமலை நாயக்கர் இறந்தார். எப்படி என்பதில் ஊருக்குள் பல கதைகள் ஓடுகின்றன. கோயிலுக்குள் நிலவறையில் புதையல் இருப்பதாகச் சொல்லி அழைத்துப்போய்க் கல்லை வைத்து மூடிவிட்டார்கள் என்பது அதில் ஒன்று. ஆனால், முதுமையும் நோயும் அவரை ஏற்கெனவே படுக்கையில் தள்ளியிருந்தன என்பதுதான் மூக்கறுப்புப் போர்க் காலத்தில் நாம் பார்த்த நிலைமை.

மகன் சில மாதங்களே ஆண்டார். அடுத்து வந்தவர் பேரன் சொக்கநாத நாயக்கர், நம்ம ராணி மங்கம்மாளின் கணவர். அவர் தலைநகரை மறுபடி திருச்சிக்கே கொண்டுபோனார். தாத்தா கனவு கண்டு மாற்றியதைப் பேரன் திருப்பி மாற்றினார். சும்மா போகவில்லை. அங்கே தனக்கொரு அரண்மனை கட்ட, தாத்தாவின் மகாலைப் பிரித்துத் தூணும் மரமும் அலங்காரமுமாக எடுத்துக்கொண்டு போனார். கட்டின சூட்டில் சண்டைக்காரன் இடிக்கலை, சொந்தப் பேரனே இடிச்சார்.

இன்னிக்கு நாம் பார்க்கிற மகால், முதலில் இருந்ததில் நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். மிச்சம் எங்கே? ஊருக்குள் கரைந்துவிட்டது. விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்துக்குள் போங்க. ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் பத்துப் பெரிய தூண்கள் தலையில் கூரை இல்லாமல் நிற்கும். அரண்மனையின் ஒரு துண்டு அது. அரண்மனை வாத்தியம் முழங்கிய இடம் நவபத்கானா தெருவாகப் பேரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோயிலுக்குக் கிழக்கே அவர் ஆரம்பித்த ராயகோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோனது. முடிந்திருந்தால் மதுரையின் மிகப் பெரிய கோபுரமாக இருந்திருக்கும்.

மீதி இருந்த மகாலும் இடிந்து விழுகிற நிலைக்கு வந்தபோது, மெட்ராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு 1866-க்கும் 1872-க்கும் இடையில் அதைப் பழுது பார்த்தார். சென்னை நேப்பியர் பாலத்தின் பேரில் இருப்பவரும் இவர்தான். பிறகு 1970 வரை அங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. சொர்க்கத்தில் வாய்தா வாங்கினார்கள் மதுரைக்காரர்கள்.

தண்ணி இருந்தாத்தான் குளம்

குளத்தை யாரும் பிரித்து எடுத்துப் போகவில்லை. எப்படி எடுக்க முடியும்? அரண்மனையை வண்டியில் ஏற்றலாம், பள்ளத்தை ஏற்ற முடியாது. ஆனால், அதற்கும் ஒரு சாவு வந்தது. வைகை வறண்டது, வாய்க்கால் தூர்ந்தது. பல வருஷங்கள் தெப்பக்குளம் காய்ந்து கிடந்தது. உள்ளே பசங்க கிரிக்கெட் ஆடினாங்க, மைய மண்டபத்துக்கு நடந்தே போனாங்க. தண்ணீர் இல்லாத வருஷங்களில் தெப்பம் மிதக்காமல் ஒரே இடத்தில் நின்றது. அதற்கு நிலைத்தெப்பம் என்று ஒரு பேரும் வைத்திருந்தோம். ஒரு குறைக்குப் பேர் வெச்சுட்டோம்னா, அது குறைன்னே மறந்துபோகும்.

அப்புறம் சில வருஷங்களுக்கு முன்னால் பனையூர் கால்வாயைத் தூர்வாரி, வைகைத் தண்ணீரைத் திரும்பவும் குளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடுகிற அதே பழைய கணக்கு. குளம் நிரம்பியது. தெப்பம் மிதந்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறுகளும் போர்களும் உயிர் பெற்றன. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வேற எந்த ஊர்க்காரங்களும் வரலை, மதுரையே குடும்பத்தோடு கரையில் வந்து உட்கார்ந்தது.

மாதபா வரைபடத்து மீனுக்குப் பிடிக்காத அந்தச் சாக்கடல்கூட இப்போ சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஜோர்டான் ஆற்றுத் தண்ணீரை வழியிலேயே எடுத்துவிடுவதால், வருஷத்துக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வீதம் நீர்மட்டம் இறங்குகிறது. உப்புத் தண்ணியோ நல்ல தண்ணியோ, ஆறு வராவிட்டால் கரையில் உட்கார்ந்து ரசிக்க எதுவும் இருக்காது.

அடுத்த லீவுக்கு மதுரை போனால், காலையில் புது மண்டபம், மதியம் மகால், வழியில் பத்துத்தூண் என்று பார்த்துட்டு, அஞ்சு மணிக்குத் தெப்பக்குளம் போயிடுங்க. பருத்திப்பால் ஒரு கிளாஸ் வாங்கிக்கங்க. சுண்டல், பானிபூரி, பஜ்ஜி எதுவானாலும் கரையில் கிடைக்கும். தியாகராசர் கல்லூரிப் பசங்க ஒரு பக்கம், வாக்கிங் வந்த பெரியவங்க ஒரு பக்கம், படியில் ஓடுற குட்டீஸ் ஒரு பக்கம்னு கூட்டம் இருக்கும். உட்காருவதற்கு டிக்கெட் இல்லை.

திருமலை நாயக்கர் தனக்காகக் கட்டியதில் முக்கால்வாசி போய்விட்டது. தோண்டின குழிக்குப் பதில் சொல்ல ஊருக்குக் கொடுத்தது மட்டும் அப்படியே இருக்கிறது. எழுந்து வரும்போது பருத்திப்பால் கப்பைக் குளத்தில் போடாம குப்பைத்தொட்டியில் போட்டுட்டு வாங்க. அவர் பிறந்தநாளுக்கு நாம கொடுக்கக்கூடிய கிஃப்ட் அதுதான்.